மரியாதையாக அடித்தவர்

அந்த அம்மா "ஏனுங்க" என்று ஆரம்பித்தால் எங்கள் தெருவில் எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வோம். கோயமுத்தூர்ப் பக்கம் 'ங்க' போடாமல் யாரும் பேசுவதில்லை. வாசலில் நிற்கிற பிச்சைக்காரரிடம்கூட "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் சொல்வோம். அந்த அம்மா விஷயத்தில் மட்டும் எல்லாம் தலைகீழ். பிடித்தவர்களை வா, போ என்பார், கண்ணு என்பார். 'ங்க' கூடிக்கொண்டே போனால் அடி நெருங்குகிறது என்று பொருள்.

துடியலூரில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நான் குடியிருந்த வீட்டின் முன்னறையில் இட்லி மாவுக் கடை வைத்திருந்தேன். இரண்டு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், வாசலில் ஒரு மேசை. பின்பக்கம் வீட்டுக்காரரின் பட்டறை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டுகிற தொழில் அவருக்கு. அந்த அம்மா எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வருபவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், ஆண்பிள்ளை மணிக்கட்டு. சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை போட்டு எல்லாப் பொத்தானையும் மாட்டியிருப்பார். அவர் பெயரை ஒருமுறைதான் கேட்டேன், அதுவும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொள்ளும்போது. அது இங்கே வேண்டாம்.

கடை ஆரம்பித்த இரண்டாம் வாரம் அவர் என்னிடம் 'ங்க' போட்டார். காலை ஏழரை மணி, மாவு வாங்க ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். உளுந்துத் தோல், பால் கவர், அரிசிச் சாக்கின் நூல், வீட்டுக் குப்பை எல்லாவற்றையும் ஒரே கறுப்புக் கவரில் கட்டி வைத்திருந்தேன். வண்டியில் போடப் போனவர் கவரைத் தூக்கிப் பார்த்தார், திரும்பி வந்தார், முடிச்சை அவிழ்த்து அத்தனையையும் என் கடைப் படியில் கொட்டினார்.

"ஏனுங்க, உங்க சாமானுங்க எல்லாம் சரியா இருக்குதுங்களா, பாத்துக்குங்க."

எனக்கு முகம் எரிந்தது. ஏதோ கத்தினேன். அவர் குனிந்து குப்பைக்குள்ளிருந்து என் கணவரின் சவர பிளேடு ஒன்றை எடுத்தார்.

"கையை நீட்டுங்க."

ஏன் நீட்டினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிளேடை என் உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு தன் கையால் என் கைமுட்டியைப் பிடித்து, மெதுவாக அழுத்தினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. மருதாணி வைத்துவிடுகிறவரின் கவனம்தான் இருந்தது.

"வலிக்குதுங்களா?"

"விடுங்க, விடுங்க!"

"இன்னும் வெட்டலீங்க. பயம்தானுங்க அது. வெட்டுனா வேற மாதிரி இருக்குமுங்க."

விட்டுவிட்டார். கையில் ஒரு கோடு மட்டும் விழுந்திருந்தது, ரத்தம் இல்லை. அன்றைக்கு மாவு வாங்காமல் போனவர்கள் உண்டு. ஒரு வாரம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

காரணத்தை அவர் சொல்லவில்லை. கூட வண்டியில் வந்த அக்காவின் வலது கை சொன்னது. உடுமலைப்பேட்டைப் பக்கத்துக்காரர் அந்த அக்கா. அதிகம் பேசமாட்டார். அவருடைய மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காமல் எப்போதும் நீட்டிக்கொண்டே இருக்கும். யார் வீட்டிலோ உடைந்த ஊறுகாய் ஜாடியை மீந்துபோன சோற்றுக்குள் வைத்துக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கவரை அழுத்திப் பிடித்தபோது கண்ணாடி உள்ளங்கையில் ஏறி நரம்பை அறுத்துவிட்டது. ரத்தம் வண்டியின் தகரத்தில் சொட்டி வழிந்ததாம். அந்த அம்மா தன் காக்கிச் சட்டையைக் கழற்றிச் சுற்றிக் கட்டி, ஆஸ்பத்திரி வரைக்கும் பேட்டரி வண்டியையே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இப்படி ஆனாரா, அல்லது முன்பிருந்தே இப்படியா என்று ஒருமுறை கேட்டேன்.

"முந்தியெல்லாம் நல்லாத்தான் சொல்லிட்டு இருந்தா," என்றார் அந்த அக்கா. "ஒருத்தரும் கேக்குல."

ஸ்கூட்டர்காரர் விழுந்ததை நான் நேரில் பார்த்தேன். தினமும் வேலைக்குப் போகிற வழியில் குப்பைக் கவரைச் சாக்கடைக்குள் வீசிவிட்டுப் போகிறவர். நிற்கவே மாட்டார், ஓடுகிற வண்டியிலிருந்து வீசுவார். அந்த அம்மா அதைப் பல நாள் பார்த்திருக்கிறார். அன்று கவர் கையை விட்டுப் போனதும், கையிலிருந்த, தெருக் கூட்டுகிற நீளமான சீமாரை முன்சக்கரத்துக்குள் விட்டார். ஸ்கூட்டர் குப்புறப் போய், மனிதர் தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு என் கடை வரைக்கும் வந்தார். முழங்கைத் தோல் சுருண்டு போயிருந்தது. அந்த அம்மா ஓடிவந்து கைத்தாங்கலாகத் தூக்கினார், சட்டை மண்ணைத் தட்டிவிட்டார், மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டார். சாக்கடைக்குள் இறங்கிக் கவரை எடுத்து, ஒழுக ஒழுக, ஸ்கூட்டரின் கைப்பிடியில் மாட்டினார்.

"அடி பட்டுருச்சுங்களா? பாத்து மெல்லப் போங்க. சாமானை உட்டுட்டுப் போறீங்களேன்னு கொண்டாந்து குடுத்தனுங்க."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மனிதர் போன பிறகு தாரில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியது நான்தான். அப்போது சிரிப்பு வரவில்லை.

அதற்குள் நாங்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தோம். நான் பிரித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். உளுந்துத் தோல் ஒரு வாளி, கழுவிய கவர்கள் ஒரு சாக்கு, கண்ணாடியும் பிளேடும் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புக் கோடு. பால் கவரின் மூலையை முழுதாக நறுக்கக் கூடாது, பாதி வெட்டித் தொங்கவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

"அந்தத் துணுக்கை யாரு பொறுக்குவா? கவரு பைப்பாகும், சாக்காகும். துணுக்கு எங்க போவும்? சாக்கடைக்குப் போவும், மாட்டு வயித்துக்குப் போவும். கழுவிக் காயவெச்ச கவரு பொருளு அம்மணி. அதே கவரு சோத்துல பொரண்டா சீக்கு. பேப்பரு நனைஞ்சா பொணம், அப்புறம் எரிக்கத்தான் ஆவும். கொழாயில ரெண்டு சொட்டுத் தண்ணி உட்டுக் கழுவ இவிங்களுக்குக் கை வலிக்குது."

வெயிலில் வந்தால் தண்ணீர் கேட்பார். எதிர்வீட்டில் அவருக்கு எப்போதும் பேப்பர் கப்பில்தான் தண்ணீர் வரும். ஒருநாள் குடித்து முடித்து, கப்பைக் கசக்கி, கொடுத்த பெண்ணின் கையைப் பிடித்து அதற்குள் திணித்தார். "நான் வாய் வெச்ச டம்ளரைக் கழுவ மாட்டீங்கன்னுதானுங்களே இது? அப்ப இந்தக் குப்பை உங்களுதுங்க." அந்தப் பெண்ணின் வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியது. நான் எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுப்பேன். ஆனால் அந்த டம்ளரை ஜன்னல் ஓரத்தில் தனியாக வைத்திருந்தேன். அவர் அதைக் கவனித்திருப்பார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

எதற்காக அடிக்கும்போது மட்டும் இவ்வளவு மரியாதை என்று கேட்டேன்.

"நான் ஒரு 'டா' போட்டா அதைப் புடிச்சுக்குவாங்க அம்மணி. குப்பைக்காரி என்னை 'டா' சொல்லிட்டான்னு ஊரைக் கூட்டுவாங்க. எதுக்குச் சொன்னேங்கறது போயிரும். அந்த எடத்தை நான் குடுக்க மாட்டேன்."

மாட்டின் கதை அந்த வருட மழைக்குப் பிறகு நடந்தது. பள்ளத்து ஓரத்தில் இருந்த தன் வீட்டில் அவர் ஒரு கறவை வைத்திருந்தார். செவலைப் பசு. அதன் வயிறு உப்பி, நான்கு நாள் தின்னாமல் கிடந்து செத்துப்போனது. இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது வண்டியில் குப்பை இல்லை. பின்னால் ஒரு தார்ப்பாய் மூட்டை இருந்தது. என் கடைக்கு முன்னால், நடுரோட்டில், மூட்டையைப் பிரித்தார்.

முதலில் நாற்றம் வந்தது. புளித்துப்போன நாற்றம். தார்ப்பாய்மேல் பச்சையும் கறுப்புமாக ஒரு பெரிய உருண்டை. கயிறு, துணி, கவர், கவருக்குள் கவர், எல்லாம் முறுக்கிப் பிழிந்து ஒன்றாகிப் போயிருந்தது. மாட்டை அறுக்க ஆள் கூப்பிடாமல், கொடுவாளை எடுத்துத் தானே வயிற்றைக் கிழித்து இதை இழுத்து எடுத்திருக்கிறார். நகக்கண்ணிலிருந்து முழங்கை வரைக்கும் இன்னும் கறை இருந்தது. கொடுவாளையும் கொண்டுவந்திருந்தார். அதைக் கொண்டு உருண்டையை ஓங்கி வெட்டினார். இரண்டாகப் பிளந்ததும் சாறு தெறித்து முன்னால் நின்றவர்கள் மேல் விழுந்தது. ஒரு பெண் அங்கேயே வாந்தி எடுத்தாள்.

"வாங்க, வந்து பாருங்க. அவங்கவங்க சாமானை அவங்கவங்க எடுத்துக்குங்க."

ஒவ்வொன்றாகப் பிய்த்து ரோட்டில் பரப்பினார். பால் கவர், பிஸ்கட் கவர், கல்யாண மண்டபத்துப் பந்தி விரிப்பு. பிறகு வெள்ளையாக ஒன்று. அதன்மேல் சிவப்பு மையில் மயில் படம். என் கடை மாவுக் கவர். மை அழியவே இல்லை. மாட்டு வயிற்றுக்குள் எத்தனை மாதம் கிடந்ததோ, என் கடைப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னும் இரண்டு.

அவர் என்னைப் பார்த்தார். நான் "ஏனுங்க" வருமென்று காத்திருந்தேன். அவர் அந்த நான்கு கவர்களையும் கொண்டுவந்து என் மேசையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து கவரில் மாவு கிடையாது, போசியோ பாத்திரமோ கொண்டுவந்தால்தான் மாவு என்று எழுதி மாட்டினேன். பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், தூக்குப்போசியோடு. என் கணவர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மாற்றவில்லை. மாற்றினால் அந்த வாசனை மூக்குக்கு வந்துவிடும்.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் கேலியாக இருந்தது. நல்ல மனிதர்தான், வாடகைக்கு இருப்பவரின் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் பட்டறைக் குப்பையைப் பிரிக்கச் சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பழைய ஒயரைப் பின்பக்கம் போட்டு எரித்துச் செம்பை எடுப்பார். கரும்புகை என் கொடித் துணியில் படியும். வார்னிஷ் டப்பா, அதைக் கரைக்கிற தின்னர் டப்பா எல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு மூடி, "பேப்பருதான்" என்று வண்டியில் ஏற்றிவிடுவார். அந்த அம்மா இரண்டு தடவை பெட்டியைத் திறந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அந்த அம்மா லீவில் இருந்த நாளாகப் பார்த்து வீட்டுக்காரர் ஏற்றினார்.

அந்தப் பெட்டி ஊருக்கு வெளியே இருக்கிற கொட்டகைக்குப் போயிருக்கிறது. அங்கேதான் தெருக் குப்பையைத் தரம் பிரித்து, அட்டையை எல்லாம் மெஷினில் வைத்து அழுத்திக் கட்டு கட்டுவார்கள். மறுநாள் அந்த அம்மாவும் விரல் மடங்காத அக்காவும் முறை வேலைக்கு அந்த மெஷினில் நின்றிருந்தார்கள். பெட்டிக்குள் பாதித் தின்னரோடு இறுக மூடிய டப்பா இருந்தது. மெஷின் அழுத்தியதும் அது வெடித்துத் தின்னர் பீய்ச்சியடித்து மோட்டார் சுவிட்சில் பட்டது. ஒரே வீச்சில் தீ. அக்காவைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியதில் அந்த அம்மாவுக்கு வலது முழங்கையிலிருந்து கழுத்து வரை வெந்துவிட்டது. காக்கிச் சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உள்ளே விடவில்லை. வராந்தா வரைக்கும் அவர் சத்தம் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் வந்தார். காக்கி இல்லை, சாதாரணச் சேலை. கழுத்துத் தோல் சுருங்கி இழுத்ததில் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. என் கடைப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"பட்டறையில ஆளு இருக்குதா?"

"அக்கா, வேண்டாங்க. உடம்பைப் பாருங்க முதல்ல."

"நீ மாவைப் பாரு கண்ணு."

எழுந்து பின்பக்கம் போனார். மாவுக் கையோடு நானும் பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்காரர் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, டிபன் ஆச்சுங்களா?"

"அட, வாம்மா. உடம்பு எப்படி இருக்குது?" உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

அந்த அம்மா பையிலிருந்து கருகி, வாய் பிளந்துகிடந்த ஒரு தகர டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்களுதுங்களா?"

"இந்த மாதிரி டப்பா ஊருக்குள்ள ஆயிரம் இருக்குது."

"அடியில உங்க பட்டறை பேரு இருக்குதுங்க. பெயிண்ட் கடைக்காரரு கீறி எழுதுனது, பாருங்க."

அவர் பார்த்தார். முகம் மாறியது. பிறகு தோளைக் குலுக்கினார். "குப்பையில போட்டாச்சுன்னா அது குப்பைம்மா. அதுக்கப்புறம் பாக்கறது உங்க வேலை. அதுக்குத்தான சம்பளம்?"

"சரிங்க," என்றார் அந்த அம்மா.

மேசைமேல் காயிலைத் தட்டி உட்காரவைக்கிற மரச்சுத்தி கிடந்தது. அதை இடது கையால் எடுத்து, ஊன்றியிருந்த அவர் கைமேல் இறக்கினார். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் அலறிக்கொண்டே எட்டி வயிற்றில் உதைத்தார். அந்த அம்மா செம்புக் கம்பிச் சுருள்மேல் விழுந்து, எழுந்து, மறுபடி வந்தார். இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்குச் சுத்தி நழுவிவிட்டது. வீட்டுக்காரரின் தலைமுடியைப் பிடித்து, முகத்தை அந்த டப்பாவின் கிழிந்த வாயில் வைத்து அமுக்கினார்.

"மோந்து பாருங்க. வாசம் வருதுங்களா? என்ற தோலு வாசமும் இருக்குதுங்க அதுல."

கன்னம் கிழிந்து டப்பாவுக்குள் ரத்தம் இறங்கியது. வேலையாட்கள் மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் பிரிக்க முடியவில்லை. நான் அசையாமல் நின்றிருந்தேன். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில், இன்னும் ஓர் அடி விழட்டும் என்ற எண்ணமும் இருந்தது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஸ்டேஷனில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் கையில் மாவுக்கட்டு, கன்னத்தில் தையல். அந்த அம்மா சுவர் ஓரப் பெஞ்சில் இருந்தார். யார் முதலில் கை வைத்தது என்று எஸ்.ஐ. கேட்டார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த பொய்யைச் சொன்னேன்.

"அண்ணன்தாங்க மொதல்ல ஒதைச்சாரு. அக்கா தடுக்கத்தான் சுத்தியை எடுத்தாங்க."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"பொய்யிங்க சார். நான்தானுங்க மொதல்ல அடிச்சேன்."

"ஏம்மா, உன்னைக் காப்பாத்தத்தான் அந்தம்மா சொல்லுது," என்றார் எஸ்.ஐ.

"அவிங்க மொதல்ல ஒதைச்சாங்கன்னு எழுதுனா ரெண்டு பேரு சண்டைன்னு போயிருமுங்க. எதுக்கு அடிச்சேன்னு அதுல வராதுங்க. நான் அடிச்சேன்னு எழுதுங்க. எதுக்குடி அடிச்சேன்னு கேளுங்க. கேட்டு, இந்த டப்பாவை எழுதுங்க. மூடி போட்ட டப்பா, உள்ள பாதித் தின்னரு, மேல அட்டைன்னு எழுதுங்க. அப்புறம் என்னை எங்க வேண்ணாலும் போடுங்க."

எஸ்.ஐ. டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் இருந்த பெயரைப் படித்தார். வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இதை மூடியோடவா குப்பையில போட்டீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் தன்கூட வந்திருந்த உறவுக்காரரைப் பார்த்தார். டப்பாவை எழுதினால் கொட்டகை எரிந்ததையும், பின்பக்கம் ஒயர் எரிப்பதையும் எழுத வேண்டிவரும். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, புகார் வேண்டாம் என்றார். அந்த அம்மா விடவில்லை. டப்பாவை எழுதியே ஆக வேண்டும் என்று நின்றார். கடைசியில் டப்பாவையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள். வலது கை மடங்காததால் இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக, நெடுநேரம் கையெழுத்துப் போட்டார்.

வெளியே, பிடித்து வைத்திருந்த துருப்பிடித்த பைக்குகளுக்கு நடுவில் வரும்போது, அவர் திரும்பி என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். காது அடைத்துக்கொண்டது.

"அடிச்சுப்போட்டு அடிக்குலைன்னு சொல்றவளா நானு? தீயில வெந்தது எதுக்குன்னு எழுதாம, நான் தப்பிச்சு என்ன பண்றது?"

நான் அழுதேன். அழுது முடிக்கும் வரை நின்றார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்துக் கடையில் இரண்டு பன்னும் டீயும் வாங்கினார். டீக்கடைக்காரர் பேப்பர் கப்பை எடுத்ததும், இவர் பார்த்த பார்வையில் அதைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடி டம்ளரை எடுத்தார். கன்னம் இரண்டு நாள் வீங்கியிருந்தது. எனக்குக் கோபம் இருந்தது. இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

குப்பை எடுக்கிற ஒப்பந்தக்காரர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கொடுமுடியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக அந்த அக்கா சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

என்னையும் மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். சாமான் கட்டிக்கொண்டிருந்த கடைசி வாரத்தில், சமையலறை ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். மாவுக்கட்டுப் பிரித்திருந்தார். சரியாக மடங்காத அந்தக் கையால் ஒரு தின்னர் டப்பாவைக் கவிழ்த்து, மிச்சத்தை வேறொரு டப்பாவுக்குச் சொட்டுச் சொட்டாக வடித்தார். மூடியைக் கழற்றித் தனியே வைத்தார். ஆணியால் அடியில் இரண்டு ஓட்டை போட்டார். வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் காய்கிற வரை உட்கார்ந்திருந்தார்.

அவர் திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். பயந்துபோயிருந்தார். தெருவில் பேட்டரி வண்டியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தக் கை தானாக மார்போடு ஒடுங்கிக்கொள்ளும். ஆனால் வண்டிக்குப் புதிதாக வந்திருந்த பெண் அன்று அவர் கொடுத்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தபோது, உள்ளே காலித் தகரம்தான் கலகலத்தது.